மதினிக்காக இரண்டு பேரல் டீசல்

என் வீட்டுக்காரர் ராணுவத்தில் இருந்த காலத்தில் துப்பாக்கியைத் தொட்டதைவிட டீசல் பேரலைத் தொட்டதுதான் அதிகம். வண்டிப் பிரிவில் எரிபொருள் கிடங்கு அவர் பொறுப்பில் இருந்தது. பனி விழும் இடங்களில் டீசல் உறைந்துவிடாமல் காப்பாற்றிய கதைகளை, ராஜபாளையத்துச் சித்திரை வெயிலில் முந்தானையால் விசிறிக்கொண்டே கேட்டிருக்கிறேன். ஊருக்கு வந்த பிறகு அத்தனை படிப்பும் சும்மா கிடந்தது. சமையல் கேஸ் சிலிண்டரை மாற்றுவது ஒன்றுதான் அவருக்கு வாய்த்த ராணுவ வேலை. அதையும் என்னைச் சமையலறையை விட்டு வெளியேற்றி, ஜன்னல்களை எல்லாம் திறந்து வைத்துவிட்டுத்தான் செய்வார். அன்றைக்குக் காப்பி தாமதமாகும்.

அப்படிப்பட்டவர் கையில் போன வருஷம் ஒரு பெரிய வேலை சிக்கியது. வீட்டுக்கு ஜெனரேட்டர் வைப்பது, அதற்கு வேண்டிய டீசலைப் பின்பக்கத்திலேயே மொத்தமாகச் சேர்த்து வைப்பது. எல்லாம் என் மதினிக்காக.

மதினி என் வீட்டுக்காரரின் உடன்பிறந்த அக்கா. வாலிப வயதெல்லாம் நூல் மில்லில் போயிற்று. பஞ்சுத் தூசி கொஞ்சம் கொஞ்சமாக நெஞ்சுக்குள் போய்க் குடியேறிவிட்டது. வேலையை விட்ட பிறகும் அது காலி பண்ணவில்லை. கணவர் இறந்து, பிள்ளைகள் இல்லாமல் மம்சாபுரத்தில் தனியாக இருந்தார். இனி ஆக்சிஜன் மெஷின் இல்லாமல் முடியாது என்று டாக்டர் சொன்ன அன்றே இவர் போய்க் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். மெஷின் என்றால் சிலிண்டர் இல்லை. கரண்டில் ஓடி, அறையில் இருக்கிற காற்றிலிருந்தே ஆக்சிஜனைப் பிரித்து, குழாய் வழியாக மூக்குக்குக் கொடுக்கிற பெட்டி. பின்பக்க அறையில் ஜன்னலோரம் கட்டில், பக்கத்தில் அந்தப் பெட்டி. நாளில் பாதிக்கு மேல் மூக்கில் குழாயோடுதான் இருக்க வேண்டும். மூச்சுக்குத்தான் பஞ்சமே தவிர மதினிக்குப் பேச்சுக்குப் பஞ்சம் இல்லை. கட்டிலில் இருந்தபடியே வாசனையை வைத்து என் குழம்புக்கு உப்புப் பார்ப்பார்.

எங்கள் வீடு ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற சாலையிலிருந்து உள்ளே தள்ளி, தென்னந்தோப்புகளுக்கு நடுவே இருக்கிறது. மேற்கே மலை. பார்க்க அழகுதான், கரண்டுக்கு ஆகாது. மலைப்பக்கமிருந்து கொஞ்சம் காற்று அடித்தால் போதும், ஏதாவது ஒரு மட்டை கரண்டு கம்பியின் மேல் விழும். கம்பி அறுந்தால் அன்றைய பொழுது போச்சு. வீட்டு இன்வெர்ட்டர் அந்தப் பெட்டியை ஒரு சினிமா ஓடி முடிகிற நேரம்தான் தாங்கும்.

மதினி வந்த முதல் ஐப்பசியிலேயே சோதனை வந்தது. மழையில் கரண்டு போய், இன்வெர்ட்டரும் கூவி ஓய்ந்து, மதினியைக் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். உதடு நீலம் பாரித்துவிட்டது. பேச்சு நின்றுவிட்ட மதினியை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். வழியெல்லாம் ஜெபம் சொல்லிக்கொண்டே போனேன். பாதியில் மறந்து மறந்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

தேறி உட்கார்ந்ததும் மதினி தம்பியைக் கூப்பிட்டார்.

"ஏலே, நான் ஸ்ரீவில்லிபுத்தூர்ல மாதா கோயில் சிஸ்டர்மார் நடத்துத முதியோர் இல்லத்துக்குப் போயிருதேன். அங்க பெரிய ஜெனரேட்டர் இருக்கு. கரண்டு போனதும் அதுவா ஓடிரும். உங்களைப் போட்டு இந்தப் பாடு படுத்த எனக்கு இஷ்டமில்ல."

இவர் ஆஸ்பத்திரி மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "நம்ம வீட்லயும் ஜெனரேட்டர் வச்சிருவோம்" என்றார்.

"வையி. அடுத்த ஐப்பசி வரைக்கும் பாக்கேன். கரண்டு போயி, என் மெஷின் நிக்காம ஓடுச்சின்னா இருக்கேன். நின்னுச்சின்னா பொறவு பேச்சே கிடையாது. போயிருவேன்."

"சரி" என்றார் இவர். அக்காவும் தம்பியும் ஏதோ மாடு வாங்கி விற்கிற மாதிரி பேசி முடித்துவிட்டார்கள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. நாத்தனார் போனால் நிம்மதி என்று நினைக்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படி இல்லை. பேச்சுத் துணைக்கு ஒரு ஆள் வந்து சேர்ந்ததே அப்போதுதான். மதினி போய்விட்டால் இந்த மனிதரின் டீசல் கதைகளோடு நான் தனியாக மாட்டிக்கொள்வேன்.

பங்குனிக்குள் ஜெனரேட்டர் வந்து இறங்கிவிட்டது. நான் வேலை முடிந்தது என்று நினைத்தேன். இவருக்கு அப்போதுதான் ஆரம்பம்.

"ஜெனரேட்டரை எவன் வேணும்னாலும் வாங்கி வைப்பாம்டி. மழை பிடிச்சா டீசலுக்கு எங்க போவ? ரோட்டுல தண்ணி நிக்கும். பங்க்லயும் கரண்டு இருக்காது. அவன் எப்படி ஊத்துவான்? ரெண்டு நாளைக்கு ஓட்டுத டீசல் நம்ம கையில இருக்கணும். ரெண்டு நாளுக்கு ரெண்டு நாள் உபரியும் இருக்கணும்."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு களை. ஓய்வு பெற்ற பிறகு அந்தக் களையை நான் பார்த்ததே இல்லை.

பேரல் வாங்கச் செட்டியார்பட்டிக்குப் போனார். பழைய பேரல் விற்கிற ஒருவர் அங்கே இருந்தார். முதல் பேரலைத் தட்டிப் பார்த்தார், உருட்டிப் பார்த்தார், மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். "இதுல முன்ன என்ன இருந்துச்சு?" என்று கேட்டிருக்கிறார். "எல்லாம் கழுவியாச்சு சார்" என்று பதில். அந்தப் பதில் பிடிக்காமல் திரும்பி வந்துவிட்டார். மறுவாரம் மறுபடி போனார். இப்படிப் பெண் பார்க்கப் போவது மாதிரி போய்ப் போய்க் கடைசியில் துருவில்லாத இரண்டு பேரலைக் கொண்டுவந்து இறக்கினார். இறக்கிய கையோடு டார்ச்சைப் பேரல் வாய்க்குள் அடித்து, ஒற்றைக் கண்ணால் வெகுநேரம் உள்ளே பார்த்துக்கொண்டு நின்றார்.

"உள்ள யாரைலே தேடுத?" என்றார் மதினி ஜன்னலிலிருந்து.

அடுத்தது இடம். சமையலறைச் சுவருக்குப் பக்கத்தில் ஆகாது. மதினியின் ஜன்னலுக்கு நேர் கீழேயும் ஆகாது. வெயில் படக்கூடாது, மழை சாயக்கூடாது, கார் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் இருக்கக்கூடாது. டேப்பைப் பிடித்துக்கொண்டு நான் ஒரு முனையிலும் அவர் மறு முனையிலுமாகப் பின்பக்கம் முழுவதும் நடந்தோம். கடைசியில் துவைக்கிற கல்லையும் தாண்டி, காம்பவுண்டுச் சுவரோரம் வேப்பமரத்துக்குக் கீழே இடம் குறித்தார். ஒரு தகரக் கொட்டகை எழுந்தது. நடுவில் ஆளுயரத்துக்குத் தடுப்புச் சுவர். அந்தப் பக்கம் ஜெனரேட்டர், இந்தப் பக்கம் பேரல்கள். பேரலைச் சுற்றிப் பாத்தி கட்டுகிற மாதிரி செங்கல் வரப்பு கட்டி, உள்ளே சிமெண்ட் பூசினார். பேரல் ஓட்டை விட்டாலும் டீசல் மண்ணுக்குப் போகாமல் அதற்குள்ளேயே நிற்குமாம். மின்பொறி தெறிக்காமல் இருக்கப் பேரலிலிருந்து தரைக்கு ஒரு கம்பி இழுத்துப் புதைத்தார். பேரலிலிருந்து டீசல் எடுத்து எஞ்சின் மேல் இருக்கிற சின்ன டேங்கில் ஊற்றக் கையால் சுற்றுகிற பம்பு. வாளி வாளியாக மணல். சிவப்புத் தீயணைப்பு உருளை ஒன்று, ஆணியில்.

பக்கத்து வீட்டு அம்மா தெலுங்குக்காரர். மதில் வழியாக எட்டிப் பார்த்து, "ஏமி, வீட்டுல பங்க் வைக்கப் போறீயளா?" என்று கேட்டார். "ஆமா, முதல் நாள் உங்களுக்கு ஓசி" என்றேன்.

புகைபிடிக்காதே என்று பலகை எழுதத் தேர்தலுக்குச் சுவர் எழுதுகிறவரைக் கூப்பிட்டோம். அவர் பழக்க தோஷத்தில் எழுத்துக்குக் கீழே நிழல் எல்லாம் கொடுத்து, ஓரத்தில் ஒரு மண்டையோடும் போட்டுக் கொடுத்துவிட்டார். பால் ஊற்ற வருகிற பெண் அதைப் பார்த்ததிலிருந்து பின்வாசலுக்கு வருவதையே நிறுத்திக்கொண்டாள்.

டீசல் வாங்கின கதை தனி. பங்க்கில் விவசாயிகளுக்குக் கேனில் ஊற்றுவார்கள். இவர் ஒரு சின்ன லோடு வண்டியில் பேரலை ஏற்றிக்கொண்டு போய் நின்றதும் மேனேஜருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"வீட்டுக்கு எதுக்கு சார் இம்புட்டு டீசல்?"

"எங்க அக்கா மூச்சு விடுறதுக்கு."

மேனேஜர் இவரை மேலும் கீழும் பார்த்தாராம். அப்புறம் டாக்டர் சீட்டு, ஜெனரேட்டர் வாங்கின பில், ராணுவ அடையாள அட்டை எல்லாம் காட்டி, வைத்துக்கொள்ள அனுமதி உள்ள அளவுக்குள்தான் வாங்குகிறேன் என்று விளக்கி, அந்த மனிதரைச் சிநேகிதம் பிடித்துவிட்டு வந்தார். வருகிற வழியில் அக்காவுக்குப் பால்கோவா வாங்கியிருக்கிறார். அதைப் பேரலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வந்ததுதான் தப்பு. மதினி ஒரு வாய் எடுத்து வைத்துவிட்டு, "இதைத் தின்னா நானே ஓடுவேன் போலுக்கே, ஜெனரேட்டர் எதுக்கு?" என்றார். அன்று சிரித்த சிரிப்பில் மதினிக்கு மூச்சு வாங்கி, மெஷினைக் கூட்டி வைக்க வேண்டியதாயிற்று.

டீசலுக்குத் தண்ணீர்தான் பகை என்பார் இவர். டீசலைவிடத் தண்ணீர் கனம், அதனால் அடியில் போய்த் தங்கிவிடும். எஞ்சினோ அடியிலிருந்துதான் உறிஞ்சும். தண்ணீர் ஒரு மடக்கு உள்ளே போனாலும் எஞ்சின் விக்கி நின்றுவிடும். ஆகவே தினமும் காலையில் காப்பி குடித்ததும் கொட்டகைக்குப் போய்விடுவார். ஒரு நீளக் குச்சியின் நுனியில் ஏதோ பசையைத் தடவி, பேரலுக்குள் அடி வரைக்கும் விட்டு எடுப்பார். தண்ணீர் இருந்தால் பசை நிறம் மாறுமாம். ஒரு நாளும் மாறவில்லை. அப்புறம் மூடியை ஸ்பானர் போட்டு இறுக்கிவிட்டு வந்து, "ஒரு சொட்டு இல்ல" என்று என்னிடம் சொல்வார். நான் யாரிடம் சொல்ல? "ரொம்ப சந்தோஷம்" என்பேன்.

ஞாயிறுதோறும் மாதா கோயிலில் பூசை முடிந்து வந்ததும் ஜெனரேட்டரை ஓட்டிப் பார்ப்பார். அது குறை சொல்ல முடியாதபடி ஓடும். மதினியின் பெட்டி அதில் ஒரு மணி நேரம் இயங்கும். "பாத்தியாக்கா?" என்பார். "ஐப்பசியில பாப்போம்லே" என்பார் மதினி. விட்டுக்கொடுக்கவே மாட்டார். ஆனால் உள்ளூர அவருக்கும் இருந்துவிட வேண்டும் என்றுதான் இருந்தது. முருங்கை மரத்தில் அடுத்த காய்ப்பு எப்படி இருக்கும் என்றெல்லாம் என்னிடம் பேச ஆரம்பித்திருந்தார்.

ஐப்பசி வந்தது. ஒரு நாள் கூமாப்பட்டிப் பக்கம் நல்ல மழை என்று காலையிலேயே பேச்சு. இட்லி எடுத்து வைக்கிற நேரத்துக்கு எங்கள் தோப்பிலும் பிடித்துக்கொண்டது. கரண்டு போனது. இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. கல்யாண வீட்டில் மாப்பிள்ளை வந்து இறங்கிய மாதிரி ஒரு பரபரப்பு.

"போடுங்க ஜெனரேட்டரை" என்றேன்.

"பொறுடி. மொதல்ல இன்வெர்ட்டர். அது தீரட்டும், பொறவு ஜெனரேட்டர். எடுத்த எடுப்புல கடைசி ஆயுதத்தையா எடுப்பாவ?"

எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சம் இல்லை. இன்வெர்ட்டர் தீர்ந்தது. இவர் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு போய் ஜெனரேட்டரை ஓட்டினார். படபடவென்று பிடித்துக்கொண்டது. மதினியின் பெட்டி மறுபடி ஓட ஆரம்பித்தது. இவர் ஜன்னலுக்கு வெளியே மழையில் நின்றுகொண்டு கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். மதினியும் சிரித்துவிட்டு, "சரிலே, ஜெயிச்சிட்ட. உள்ள வா, நனையாத" என்றார்.

அவர் பின்வாசல் படி ஏறுவதற்குள் எஞ்சின் விக்கியது. சத்தம் குறைந்தது. ஒரு முறை ஏறி, தணிந்து, நின்றேவிட்டது. மதினியின் பெட்டி கீ என்று கத்தி ஓய்ந்தது.

போன தடவை பட்ட பாட்டுக்குப் பிறகு ஆஸ்பத்திரியில் சொல்லி ஒரு சின்ன ஆக்சிஜன் சிலிண்டர் வாங்கி வைத்திருந்தோம். நான் அதைத் திறந்து குழாயை மாட்டினேன். அவசரத்தில் திருகு பிடிபடவே இல்லை. மதினிதான் என் கையைப் பிடித்து, "மெல்ல, மெல்ல" என்றார். சிலிண்டர் முள் இறங்குவதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பின்பக்கம் இவர் எஞ்சினோடு மல்லுக்கு நிற்கிற சத்தம். எஞ்சினின் தலையில் இருக்கிற சின்ன டேங்கிலிருந்து ஒரு டம்ளரில் டீசலை வடித்துக்கொண்டு ஓடி வந்து என்னிடம் நீட்டினார். டம்ளரைச் சாய்த்ததும் டீசலுக்கு அடியில் பளிங்கு மாதிரி தண்ணீர் உருண்டது. என் நல்ல எவர்சில்வர் டம்ளர் அது.

"தண்ணி! டேங்க்ல எப்படிடி தண்ணி வந்துச்சு?" என்றார். அந்தக் குரலில் கோபத்தைவிடப் பயம்தான் இருந்தது.

மறுபடி ஓடினார். டேங்கை முழுவதும் வடித்து, பில்டரைக் கழற்றித் துடைத்து, பேரலிலிருந்து புது டீசல் ஊற்றி, குழாயில் நின்ற காற்றை எடுத்து, ஜெனரேட்டரைத் திரும்ப ஓட்டிவிட்டார். சிலிண்டர் முள் சிவப்பைத் தொடுவதற்கு முன்னால் பெட்டி ஓட ஆரம்பித்துவிட்டது. அதன் பிறகு மறுநாள் விடியும் வரைக்கும் ஒரு இருமல்கூட இல்லாமல் ஓடியது. ஆனால் நின்றது நின்றதுதானே.

"பேசுனது பேசுனபடி" என்றார் மதினி. குரலில் சந்தோஷமே இல்லை. "அந்த சிஸ்டருக்குப் போன் போட்டுக் குடு."

நான் போட மாட்டேன் என்றேன். அவரே போட்டார். காலையில் வண்டி அனுப்புகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். மதினி என்னையே தன் துணிகளை எடுத்து வைக்கச் சொன்னார். ஒவ்வொரு சேலையையும் மடித்து வைக்கிறேன் என்று கலைத்துக் கலைத்து மடித்தேன். இவர் அந்தப் பக்கமே வரவில்லை. தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிப்பதில் இறங்கிவிட்டார். இரண்டு பேரலிலும் குச்சியை விட்டுப் பார்த்தார், பசை நிறம் மாறவில்லை. பங்க் மேனேஜருக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்து, பேரலில் இல்லாத தண்ணீர் என் டீசலில் எப்படி வந்திருக்கும் என்று அவர் திருப்பிக் கேட்டதும் மன்னிப்புக் கேட்டார். பின்பக்கம் கழுவுகிறேன் என்று நான் ஓஸ் பைப்பைப் பிடித்துத் தண்ணீர் அடித்திருப்பேன் என்றார். "ஆமா, மூடியத் திறந்து வச்சி உள்ள அடிச்சேன்" என்றேன்.

மறுநாள் காலை வண்டி வந்துவிட்டது. மழை விட்டு, கரண்டும் வந்திருந்தது. இல்லத்திலிருந்து ஒரு சிஸ்டர் வந்திருந்தார், சிரித்த முகம், நடுத்தர வயது. மதினியின் அறையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். என்ன நடந்தது என்று அவர் கேட்கவும், இவருக்குக் கொட்டித் தீர்க்க ஒரு ஆள் கிடைத்தது.

"பேரல்ல தண்ணி இல்ல சிஸ்டர். எஞ்சின் மேல இருக்குத டேங்க்லதான் இருந்துச்சு. டேங்க் மூடி கையால திருகுத மூடி. மழைத்தண்ணி இறங்க வழியே இல்ல. யாரோ திறந்து ஊத்திருக்காவ."

மதினி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அந்தக் குட்டி டேங்க்லயா?" என்றார்.

"ஆமா."

"அப்ப அது நாந்தாம்லே."

எல்லோரும் மதினியைப் பார்த்தோம்.

"வேளாங்கண்ணியில இருந்து கொண்டாந்த தீர்த்தம் ஒரு புட்டி வச்சிருந்தேம்லா. அதைத்தான் ஊத்துனேன். பேரல் மூடி திறக்க வரல, அம்புட்டு இறுக்கி வச்சிருக்க. அதான் அதுல ஊத்துனேன்."

சிஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டார். எங்கள் பக்கம் புது வண்டி வாங்கினால் மாதா கோயில் வாசலில் கொண்டுபோய் நிறுத்தி, பங்குச் சாமியாரைக் கூப்பிட்டு மந்திரித்துத் தீர்த்தம் தெளித்துவிட்டுத்தான் ஓட்டுவோம். ஜெனரேட்டரைக் கோயிலுக்குக் கொண்டுபோக முடியாது. சாமியாரை வீட்டுக்குக் கூப்பிடலாம் என்று நான் சொன்னபோது, "இதுக்கு எதுக்கு அவரைத் தொந்தரவு பண்ணிக்கிட்டு" என்று இவர் தட்டிக் கழித்துவிட்டார். ஆக, விட்டுப்போன காரியத்தை மதினி தன் கையால் முடித்து வைத்திருக்கிறார். தெளிப்பதற்குப் பதிலாக ஊற்றிவிட்டார், அவ்வளவுதான் வித்தியாசம்.

"நேத்து முழுக்கத் தண்ணி தண்ணின்னு கத்திக்கிட்டு இருந்தேனேக்கா. அப்பச் சொல்லிருக்கலாம்லா?"

"நீ தண்ணின்னுதானலே கத்துன? தீர்த்தத்தை நான் எப்படித் தண்ணின்னு நெனப்பேன்?"

எனக்குச் சிரிப்பு வெடித்துக்கொண்டு வந்தது. இவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. அவர் சிரிக்கவில்லை. முகம் கறுத்துவிட்டது.

"உனக்கு இங்க இருக்கப் பிடிக்கல. அதை நேரா சொல்லிருக்கலாம்க்கா. இம்புட்டு மாசமா நான் நாயா அலைஞ்சிருக்கேன். எஞ்சின நிக்க வச்சிட்டுத்தான் போணுமா?"

நான் "ஏங்க!" என்று அதட்டினேன். பேச்சு போய் விழுந்துவிட்டது. மதினியின் கண் நிறைந்துவிட்டது. மதினி அழுது நான் பார்த்ததில்லை, ஆஸ்பத்திரிக்கு ஓடின அன்றும்கூட அழவில்லை.

"போறதுக்காடா ஊத்துனேன்? உனக்காவ ஊத்துனேம்லே." மூச்சு வாங்கியது, நிறுத்திப் பேசினார். "ரெண்டு பேரல் டீசலை வச்சிக்கிட்டு, அந்தச் சுவத்துக்குப் பின்னால நின்னு நீ பீடி குடிக்க. தினமும் இந்த ஜன்னல்ல இருந்து பாக்கேன். பலகை எழுதிப் போட்டுருக்க, அதுக்கு அடியிலயே நின்னு குடிக்க. இங்க இருந்து கத்தலாம்னா கத்த மூச்சு வேணும்லா? எனக்காவச் சேத்து வச்ச டீசல்ல நீ எரிஞ்சு போயிட்டா, பொறவு எனக்கு மூச்சு எதுக்குடா?"

பீடியா? விட்டுவிட்டேன் என்று என் தலைமேல் அடித்துச் சத்தியம் செய்த மனிதர். தினமும் காப்பி குடித்துவிட்டுக் குச்சியைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு ஓடியதில் பாதிக் காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. அதை அப்புறம் தனியாகக் கவனித்துக்கொள்ளலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

இவர், டீசல் பீடி நெருப்பில் அவ்வளவு சுலபமாகப் பற்றாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். அவர் வாய் திறக்கிற விதம் எனக்குத் தெரியும். அதற்குள் கண் மதினியின் மூக்குக் குழாயில் போய் நின்றது. அது அறைக் கதவு வரைக்கும்தான் எட்டும். கொட்டகை துவைக்கிற கல்லையும் தாண்டி இருக்கிறது.

"குழாய் அங்க எட்டாதேக்கா" என்றார்.

"கழத்தி வச்சிட்டுத்தான் போனேன்."

"கழத்திட்டா?"

"முந்தாநாள் இவ கடைக்குப் போயிருந்தா. நீயும் இல்ல. சுவத்தைப் பிடிச்சிக்கிட்டே போனேன். திரும்பி வரும்போதுதான் முடியல. துவைக்கிற கல்லுல செத்த உக்காந்தேன். கண்ணு இருட்டிட்டு வந்துச்சு. பொறவு வந்துட்டேன்."

குழாய் இல்லாமல் குளியலறைக்குப் போய் வருவதற்கே என் தோளைப் பிடித்துக்கொண்டு இரண்டு இடத்தில் நிற்கிற மதினி அவர். கடையிலிருந்து நான் வந்தபோது கட்டிலில் சாதாரணமாகப் படுத்துக்கொண்டு, கத்திரிக்காய் வாங்கியதற்கு என்னைத் திட்டினார். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. அந்தக் கல்லில் மதினி தனியாக உட்கார்ந்திருந்ததை நினைத்தால் இன்றும் எனக்குச் சோறு இறங்காது.

இவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். சட்டைப் பையிலிருந்து பீடிக்கட்டையும் தீப்பெட்டியையும் எடுத்து மதினியின் கைப்பக்கம் வைத்தார். பெரிய உடம்பு குலுங்கியது. சிஸ்டர் எழுந்து ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தைப் பார்க்கப் போய்விட்டார். வெளியே டிரைவர், துணிப்பெட்டியை ஏற்றலாமா என்று கேட்டுக்கொண்டு வாசலில் நின்றார்.

"போகாதக்கா" என்றார் இவர்.

இத்தனை மாதத்தில் அந்த வார்த்தையை இவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. பேரல் வாங்கினார், கொட்டகை போட்டார், மணல் கொட்டினார், பசை தடவினார். இதை மட்டும் சொல்லவே இல்லை.

மதினி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூக்கில் குழாயைச் சரிசெய்துவிட்டு, தம்பியின் தலையில் பலமாக ஒரு குட்டு வைத்தார்.

"இதை ஆஸ்பத்திரியிலயே சொல்லித் தொலைச்சிருந்தா இம்புட்டு டீசல் எதுக்குலே?"